தெற்குப் பக்கம் காலி

"தாத்தா, கொஞ்சம் வடக்க தள்ளி" என்று காமிராக்காரப் பெண் சொன்னதும் ஞானதிரவியத்தின் கால் தானாக ஓர் எட்டு வடக்கே போய்விட்டது. போன பிறகுதான், போனோமே என்று அவருக்கு உறைத்தது. ஒருத்தி சொன்ன மாத்திரத்தில் நகருகிற காலா இது? போலீஸ் அதிகாரி தடியை நீட்டிச் சொல்லியும் நகராத கால். உப்பளத் தொழிலாளர் சங்கத்துப் பொன்விழா மலரில் உங்களுக்கு ஒரு முழுப்பக்கம் அண்ணாச்சி என்று செயலாளர் இசக்கிராஜ் வீட்டுக்கே வந்து சொல்லியிருந்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் சிவப்புத் துண்டுமாகக் காலையிலேயே தயாராகிக் காத்திருந்து, வெயில் சாயத் தொடங்கியதும் அவன் பைக்கில் தொற்றிக்கொண்டு தூத்துக்குடியைத் தாண்டி அளத்துக்கு வந்து, வரப்பின் மேல், உப்பு அம்பாரத்துக்கு முன்னால், நட்ட நடுவில் தானே ஓர் இடத்தைத் தேர்ந்து நின்றிருந்தார். அம்பாரத்தின் கூர் முனை தன் தலைக்கு நேர் மேலே வர வேண்டும், பார்க்கிறவனுக்கு அந்த வெள்ளை மலை முழுவதும் இந்த ஒரு மனிதனின் முதுகில் சாய்ந்து கிடப்பதாகத் தோன்ற வேண்டும் என்று ராத்திரியெல்லாம் படுத்துக்கொண்டு யோசித்துவைத்த இடம் அது. அதைத்தான் இவள் கலைக்கிறாள். "இன்னும் கொஞ்சம். இன்னும். நல்லா ஓரமா வாங்க தாத்தா." ஓரமா. அந்தச் சொல் காதுக்குள் மீன்முள் மாதிரிச் சிக்கிக்கொண்டது. அப்பா இந்த மாதிரி ஒரு வரப்பில்தான் தலையில் உப்புப் பெட்டியோடு வருவார், எதிரே முதலாளியின் ஜீப் வரும், கங்காணி தூரத்திலிருந்தே "ஓரமா, ஓரமா" என்று கத்துவான், ஓரத்துக்கு எங்கே போவது, வரப்புக்கு ஓரம் என்றால் பாத்திதான், அப்பா சுமையோடு பாத்தித் தண்ணீருக்குள் இறங்கி நிற்பார், பாளம் பாளமாக வெடித்த பாதத்துக்குள் உப்புத் தண்ணீர் ஏறும், ஜீப் போய்ப் புழுதி அடங்கும் வரைக்கும் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பார். அந்தச் சிரிப்பைத்தான் திரவியத்தால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஜீப்பைக்கூட மன்னித்துவிடலாம்.

"தாத்தா இல்ல, தோழர்" என்றார். ஜெசிந்தா காமிராவுக்குப் பின்னாலிருந்து முகத்தை எடுக்காமலே "சரி தோழர் தாத்தா, நாடிய மட்டும் கொஞ்சம் எறக்குங்க" என்றாள். கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கிற பெண், இசக்கிராஜின் தெருக்காரி, ஜீன்சும் ரப்பர் செருப்புமாகப் பாத்தி ஓரத்தில் குத்தவைத்திருந்தாள். மோவாயை ஏன் இறக்க வேண்டும்? இறக்குவதற்கா இத்தனை வருஷம் ஏற்றிவைத்தது? அவர் பள்ளிக்கூடம் போனவரில்லை. படித்ததெல்லாம் நோட்டீஸ். டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசில், 'ஒதுங்கி ஒதுங்கி எங்கே போவாய் தொழிலாளியே!' என்ற தலைப்பை எழுத்துக் கூட்டி வாசித்ததுதான் முதல் பாடம். அந்த ஆச்சரியக்குறியை அன்று ஓர் எழுத்து என்று நினைத்துக்கொண்டார், கம்பு ஊன்றி நிற்கிற ஆள் மாதிரி இருந்தது அது. பிற்பாடு அவரே நோட்டீஸ் எழுதினார், குடிதண்ணீர் கேட்டு, நிழல் கொட்டகை கேட்டு, உப்புக் கூச்சத்தில் அவிந்துபோகிற கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கேட்டு. ஒவ்வொன்றின் முடிவிலும் கம்பு ஊன்றிய ஆளை நிறுத்தினார். இப்போது அந்த ஆளை வடக்கே தள்ளு என்கிறாள். தள்ளியாயிற்று. கீழேயிருந்து உப்பின் வெளிச்சம் முகத்தில் அடித்துக் கண் கலங்கியது. "கீழருந்து லைட் சூப்பரா வருது தோழர், ஒங்க மூஞ்சில ஒரு சுருக்கம் தெரியாது பாருங்க" என்று அவள் சந்தோஷப்பட்டாள். சுருக்கம் தெரியாமல் யாருக்கு வேண்டும் இந்த முகம்? அப்புறம் அந்த மற்ற யோசனை வந்தது. பைக்கில் வரும்போதே வந்து, காற்றில் அடித்துக்கொண்டு போகட்டும் என்று விட்ட யோசனை. எதற்காக இத்தனை அவசரமாகப் படம்? மலர் வர இன்னும் மாசக்கணக்கில் இருக்கிறது. போன முறை சளிக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இசக்கிராஜ் பார்க்க வந்தான், ஆரஞ்சுப் பழம் கொடுத்தான், போகும்போது வாசலில் நின்று ஒரு நிமிஷம் கண்ணை இடுக்கி அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். அளவெடுக்கிற பார்வை. சுவரொட்டிக்கு அளவு.

அப்படியும் ஒரு வழக்கம் சங்கத்தில் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாசாணமுத்து செத்த அன்று ஆரம்பித்த வழக்கம். திரவியத்துக்கு மூத்தவர், கூடவே சிறைக்குப் போனவர், உப்பு வாருவதில் ராட்சசன், ஒருநாள் விடியலில் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க ஒரு படம் வேண்டுமென்று வீடு முழுக்கத் தேடினார்கள், அந்த மனுஷன் தனியாக ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஏதோ மாநாட்டில் திரவியமும் அவரும் தோளில் கை போட்டு நின்ற படத்தை எடுத்து, அச்சாபீஸ்காரன் திரவியத்தை வெட்டி எறிந்துவிட்டு மாசாணமுத்துவை மட்டும் வைத்தான். கை வெட்டுப்படவில்லை. தோளில் கிடந்த கையை எடுத்தால் தோளும் போய்விடும் என்று மணிக்கட்டோடு விட்டுவிட்டான். ஊர் முழுக்கப் போஸ்டர், செத்தவரின் தோளில் யாருடையதோ ஒரு கை, தடியடியில் ஒடிந்து கோணலாக ஒட்டிய சுண்டுவிரலோடு. பஸ் ஸ்டாண்டில் நின்று திரவியம் தன் கையைத் தானே பார்த்தார். பக்கத்தில் ஒருவன் இன்னொருவனிடம் "இது யாரு கைவே, எமன் கையா?" என்று கேட்டுச் சிரித்தான். அந்தப் படத்தைத்தான் மாசாணமுத்துவின் பெண்சாதி பேச்சித்தாய் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு ஒருநாள் வீட்டுக்குப் போனவரிடம், "வெள்ளிக்கிழமை அவுகளுக்குப் பூ வைக்கும்போது ஒங்க கைக்கும் சேத்துத்தான் வச்சிருதேன் கொழுந்தனாரே, வேற என்ன செய்ய?" என்று சாதாரணமாகச் சொன்னாள். அன்றிலிருந்து இடது கை கொஞ்சம் குளிர்ந்துதான் கிடக்கிறது. டாக்டர் ரத்த ஓட்டம் என்கிறார். உயிரோடு இருக்கிற மனுஷனின் கைக்கு வாராவாரம் பூ விழுந்தால் ரத்தம் எப்படி ஓடும்? அவருக்குச் சாமி கிடையாது, பேய் கிடையாது, நோட்டீசே போட்டிருக்கிறார். ஆனாலும் கை குளிர்கிறது. அந்தச் சாவுக்குப் பிறகுதான் வயசான தோழர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தனித்தனியாகப் படம் எடுத்துவைக்க ஆரம்பித்தார்கள். அப்படிப் படம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லாம் வரிசையாகப் போயும் விட்டார்கள். சரி, வரட்டும், அதற்குப் பயந்தா வேஷ்டி கட்டினோம்? பயம் அதற்கில்லை. அந்தப் பெரிய வேலைநிறுத்தத்தின்போது பேப்பரில் படம் வந்தது, ஊர்வலத்தின் முன்வரிசை, கொடிக்கம்பு பிடித்தவன் திரவியம், அவன் முகத்துக்கு முன்னால் சரியாக ஒரு வக்கீலின் குடை, கீழே பெயர்கள், வக்கீலின் பெயர், இன்னொரு வக்கீலின் பெயர், அப்புறம் 'மற்றும் பலர்'. மற்றும் பலர்! அரை நூற்றாண்டாக அதுதான் அவர் பெயர். இந்த ஒரு படத்தில், ஒரே ஒரு படத்தில், யாருடைய குடையும் இல்லாமல், யாருடைய தோளிலும் கை போடாமல், நடுவில் நின்றுவிட்டால் போதும், அப்புறம் அதை எந்தச் சுவரில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளட்டும்.

"ஏம்மா, நடுவுல நின்னா என்ன கொறஞ்சு போச்சு?" என்று கேட்டார். கேட்டது கெஞ்சலாகக் கேட்டுவிட்டதோ என்று உடனே கோபம் வந்தது. ஜெசிந்தா எழுந்து வந்து காமிராவின் சின்னக் கண்ணாடியைக் காட்டினாள். "நடுவுல நின்னா ரேஷன் கார்டு போட்டோ மாதிரி இருக்கு தோழர். இந்தா பாருங்க, கட்டத்த மூணா பிரிச்சிக்கிடணும். நீங்க ஒரு கோட்டுல. நீங்க தெற்க பாக்கீங்கல்லா, பாக்குற பக்கம் எடம் விடணும். இல்லன்னா செவுத்துல மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்க மாதிரி இருக்கும்." கண்ணாடிக்குள் ஒரு கிழவன் வடக்கு ஓரத்தில் சிவப்புத் துண்டோடு நின்றான், தெற்கே இரண்டு பங்கு வெறும் உப்பும் வானமும். அழகாகத்தான் இருந்தது. அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. காலி இடம் எதற்கு? இந்த ஊரில் எந்த இடம் காலியாகக் கிடந்திருக்கிறது? காலியாகக் கிடக்கிறது என்றால் ராத்திரியோடு ராத்திரியாக எவனோ கல் ஊன்றப் போகிறான் என்று அர்த்தம். கடற்கரைப் புறம்போக்கு முழுவதும் அப்படித்தான் அளமானது, முதலில் காலி இடம், அப்புறம் கல், அப்புறம் வேலி, அப்புறம் ஜீப். அவள் பேரில் குற்றமில்லை, சின்னப் பெண், அவளுக்கு யாரோ பாடம் சொல்லிக்கொடுத்த கோடுகள். ஆனால் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் யார்? திரவியம் மனசுக்குள் பஸ் ஸ்டாண்டு பிளக்ஸ் பலகைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒருவர் ஆள் உயரத்துக்குக் கைகூப்பி நிற்பார், மற்றவர்களெல்லாம் கீழே வட்ட வட்டத் தலைகளாக, மாத்திரை அட்டையில் மாத்திரை மாதிரி. நடுவில் கைகூப்புகிறவரின் பக்கவாட்டில் எப்போதும் ஒரு கிழவன் இருப்பான், தியாகி, மூத்த தோழர், ஏதோ ஒரு பட்டம், சின்னதாக, ஓரத்தில், பெரியவரை ஆசீர்வதிக்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு. தெற்கே பார்த்துக்கொண்டு.

காற்று கடலிலிருந்து இரைந்துகொண்டிருந்தது. அதனால்தான் இசக்கிராஜ் பைக் பக்கத்தில் நின்று போனில் கத்த வேண்டியிருந்தது. அவன் முதுகு இந்தப் பக்கம். "ஆமாய்யா, தெற்கால ஆளு உசரத்துக்கு எடம் கெடக்கு. தலைவரு கும்பிடுத படம் ஒனக்கு அனுப்பியிருக்கேம்லா, அத பெருசா வச்சிரு. அண்ணாச்சி ஒரு ஓரமாச் சின்னதா இருந்தாப் போதும். மொகம் அவரப் பாத்து இருக்கணும், கேட்டியா?" திரவியத்துக்கு முதலில் கோபம் வரவில்லை. ஒரு நிம்மதிதான் வந்தது, சந்தேகப்பட்டது சரியாகிவிட்ட கர்வம், பார்த்தியா நான் சொல்லலையா என்று யாரிடமோ சொல்ல வேண்டும்போல, யாரிடம், மாசாணமுத்துவிடம்தான். அதன் பிறகுதான் மெல்ல ஏறியது. சென்னையிலிருந்து வருகிற தலைவர். இந்த அளத்து மண்ணில் கால் வைக்காத தலைவர். ஒரு தடவை வந்தார், காரின் கண்ணாடியை இறக்கி "உப்பு நல்லா விளையுதா?" என்று கேட்டுவிட்டு ஏற்றிக்கொண்டார். "எலே இசக்கி!" என்று திரவியம் கத்தினார். "தெற்க யாருக்குலே எடம் போட்டிருக்க?" இசக்கிராஜ் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். "ஐயோ அண்ணாச்சி, மலருக்குள்ள நீங்க தனியாத்தான், சத்தியமா. இது வெளி வாசல்ல வைக்க பிளக்ஸுக்கு. தலைவரு வாராருல்லா, வாசல்ல அவரு படம் இல்லன்னா நல்லாவா இருக்கும்? ஒங்களயும் அவர் பக்கத்துல வச்சா ஒங்களுக்குத்தான பெரும?" பெருமை. அவன் அதை நம்பியே சொன்னான், கண்ணில் பொய் இல்லை, அதுதான் எரிச்சல். "எனக்குத் தெரியாது தோழர்" என்றாள் ஜெசிந்தா, முகம் சுருங்கி. "நான் நீங்க பாக்குற பக்கம்னுதான் விட்டேன்."

போய்விடலாம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் நடந்து பஸ் பிடித்துவிடலாம். போனால்? போனால் இவனிடம் வாக்காளர் அட்டைப் படம் இருக்கிறது, வாயைக் கொஞ்சம் திறந்து, தலை ஒருபக்கம் சாய்ந்து, செத்த கெளுத்தி மாதிரி இருக்கிற படம், அதை வட்டமாக வெட்டித் தலைவரின் கால்பக்கம் ஒட்டுவான். சண்டை போட்டால்? சண்டை போட்டால் வயசாயிருச்சு, புத்தி பெசகிருச்சு என்பான், பொதுக்குழுவில் ஒரு நிமிஷம் மவுனமாக இருந்துவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போவார்கள். திரும்ப நடுவில் போய் நின்றால்? நின்றாலும் கம்ப்யூட்டரில் தூக்கி ஓரத்தில் வைத்துவிடுவான், இப்போதெல்லாம் மனுஷனைத் தூக்க நாலு பேர் வேண்டியதில்லை. நின்றாலும் போச்சு, போனாலும் போச்சு. அந்தக் காலத்தில் கருங்காலிகள் உப்பு ஏற்றிய லாரியை வெளியே விடக்கூடாது என்று வாசலில் மறியல் செய்தபோதும் இப்படித்தான் இருந்தது. ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள், அந்த இடைவெளியில் ஒரு போலீஸ்காரன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான், பாவம் போகட்டும் என்று விட்டார்கள், பின்னாலேயே லாரி வந்தது. சைக்கிள் போகிற அளவுக்கு இடம் விட்டால் லாரியும் அதில் போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள், எறும்புக்கும் வழியில்லை. அன்று அவருக்கு இடப்பக்கம் மாசாணமுத்து. அந்த மனுஷனின் வியர்வை நாற்றம், பனங்கருப்பட்டியும் உப்பும் சேர்ந்த நாற்றம், இந்தா, இப்போதுகூட வருகிறதே, இல்லை, நிஜமாகவே வருகிறது, யாரோ வருகிறார்கள். அளத்துப் பெண்கள். கடைசி நடைச் சுமையை இறக்கிவிட்டு வெறும் சட்டியோடு வரப்பில் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள், முழங்கால் வரைக்கும் பிளாஸ்டிக் உறை, தலையில் சும்மாட்டுத் துணி, முன்னால் பேச்சித்தாய், இந்த வயசிலும். காமிராவைப் பார்த்ததும் அவள் சட்டென்று நின்றாள். பின்னால் வந்தவர்களுக்குக் கையைக் காட்டினாள். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரும் வரப்பை விட்டுப் பாத்தித் தண்ணீருக்குள் இறங்கி நின்றார்கள். முகத்தில் அந்தச் சிரிப்பு. அப்பாவின் சிரிப்பு.

"ஏ மதினி! என்னத்துக்கு எறங்குதீங்க?" அவர் குரல் அவருக்கே அதிகமாகக் கேட்டது. "நீங்க படம் எடுக்கீங்கல்லா கொழுந்தனாரே, நாங்க எதுக்கு ஊடால?" என்றாள் பேச்சித்தாய். "நீங்க எடுங்க, நாங்க இப்படி ஓரமாப் போயிருவோம்." பின்னாலிருந்து ஒருத்தி, "அண்ணாச்சி சட்டயப் பாரு, மாப்பிள மாதிரி. பொண்ணு பாத்தாச்சா?" என்றாள். சிரிப்பு. திரவியத்துக்கு அந்தக் கணத்தில் தொழிலாளர் வர்க்கத்தின் மேல் பாசம் பொங்கியது என்று சொன்னால் அது பொய். அவருக்கு இருந்தது வெறும் வன்மம். தெற்கே அந்தக் காலி இடம் பளபளவென்று கிடந்தது, அதில் கைகூப்பிக்கொண்டு ஒருத்தர் வரப்போகிறார், அவரை உள்ளே விடக்கூடாது, அவ்வளவுதான். "ஓரமும் கீரமும் கெடையாது, ஏறி வாங்க. இங்கன, எனக்குத் தெற்க வந்து நில்லுங்க. எல்லாரும்." "அளத்துச் சீலயோடயா?" "அதோடதான். சென்னைத் தலைவரு நிக்கதுக்கு எடம் போட்டு வச்சிருக்கான் இசக்கி. மறிக்கணும்." பேச்சித்தாய் இசக்கிராஜை ஒரு பார்வை பார்த்தாள். "அவருக்கா? அவருக்குப் பிரஷராம்லா, உப்பே ஆகாதாம். உப்புக்குள்ள கொண்டுவந்து நிறுத்துனா மனுசன் என்னத்துக்கு ஆவாரு? ஏட்டி, ஏறுங்கட்டி" என்றாள். மறிக்கணும் என்ற சொல்லுக்கு அவர்கள் கால் இன்னும் பழகித்தான் இருந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறினார்கள். "அண்ணாச்சி, இதெல்லாம் கம்ப்யூட்டர்ல அழிச்சிரலாம்" என்று இசக்கிராஜ் தணிந்த குரலில் சொன்னான், எச்சரிக்கையாக அல்ல, வருத்தமாக. "அழிலே. எல்லாம் சந்தா கட்டுற மெம்பரு. ஒவ்வொருத்தியா அழிச்சிட்டு நீயே போயி அவங்கட்டச் சொல்லு."

ஜெசிந்தா பின்னால் பின்னால் போனாள். அவள் குதிகால் இன்னொரு பாத்தியின் விளிம்பைத் தொட்டது, அதற்கு மேல் போக இடமில்லை. "எல்லாரும் வரணும்னா நெருக்கி நில்லுங்க. அக்கா, இன்னும் உள்ள. தோழர், நீங்க கொஞ்சம் வடக்க." போனார். ஒருத்தி வந்தால் ஒரு சாண் வடக்கே, இன்னொருத்தி வந்தால் இன்னொரு சாண். வெள்ளைச் சட்டையில் உப்புத் தண்ணீர் பட்டுக் கஞ்சி இளகியது. மணம், கருப்பட்டி, ஈரத்துணி. கடைசியில் தெற்கு முனையில் ஒருத்தி நிற்க முடியாமல் தத்தளித்தாள், அவள் உள்ளே வந்தால்தான் அந்தப் பக்கம் அடைபடும், அவள் வந்தால் இந்தப் பக்கம் ஒரு ஆள் பிதுங்கும். ஜெசிந்தா காமிராவிலிருந்து முகத்தை எடுத்து அவரைப் பார்த்தாள். ஒரே ஒரு படம். ராத்திரியெல்லாம் படுத்து யோசித்த படம். அம்பாரத்தின் முனை இப்போது யார் தலைக்கு மேலே இருக்கிறது? திரும்பிப் பார்த்தார், அது பேரில்லாத ஒருத்தியின் சும்மாட்டுக்கு மேலே இருந்தது. பேரில்லாதவள் இல்லை, அவருக்குத்தான் தெரியவில்லை. விட்டுக்கொடுக்கிற மனசு அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. ஆனால் சைக்கிள் போகிற இடம் தெற்கே இன்னும் கிடந்தது. அவர் இன்னும் ஓர் எட்டு வடக்கே வைத்தார். இந்தத் தடவை கால் தானாகப் போகவில்லை.

"தோழர், ஒங்க மூஞ்சி பாதி வெட்டுப்படுது" என்றாள் ஜெசிந்தா. பேச்சித்தாய் அவருக்கு அடுத்து நின்றாள். வரப்பின் வடக்கு முனையில் ஒரு கால் அந்தரத்தில் இருந்ததால் அவருக்குப் பிடிப்பு வேண்டியிருந்தது, இடது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாதியில் தூக்கி வைத்திருந்தார். அவள் திரும்பாமலே, "வையுங்க கொழுந்தனாரே, அவுக தோள்ல கெடந்த கைதான" என்றாள். வைத்தார். தோள் சுட்டது, நாள் முழுக்க வெயிலில் நின்ற தோள், சேலையின் ஈரத்தைத் தாண்டி அந்தச் சூடு உள்ளங்கைக்குள் ஏறியது. கோணல் சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றது. "எலே இசக்கி, பேரெல்லாம் கேட்டு எழுதிக்க. ஒருத்தி பாக்கி இருக்கக் கூடாது. மற்றும் பலர்னு போட்டன்னு வையி, அச்சாபீஸ் வாசல்ல வந்து உக்காந்துருவேன்." இசக்கிராஜ் போனை எடுத்தான், எழுதவா கூப்பிடவா என்று தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் உள்ள வர முடியாதா தோழர்? பாதிக்கு மேல போச்சு."

"கை வருதா?"

"கை வருது."

"தெற்க எடம் கெடக்கா?"

ஜெசிந்தா கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "இல்ல."

"அப்ப எடு."